பத்தாவது பெட்டி

பிரவுசர் அப்டேட் ஆன மறுநாள் நான் அலுவலகத்துக்கு வேண்டுமென்றே தாமதமாகப் போவேன். சீக்கிரம் போனால் வாசலிலேயே மடக்கிவிடுவார்கள். நேற்றுவரை இடது ஓரத்தில் இருந்த பட்டன் இன்று வலது ஓரத்துக்குப் போயிருக்கும். நான்தான் ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதை நகர்த்தி வைத்ததுபோல் எல்லோரும் என்னை முறைப்பார்கள். எங்கள் வார இதழின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். அதனால் யாருடைய திரையில் எது இடம் மாறினாலும் அதற்கு நானே பொறுப்பு என்று ஆகிவிட்டது. 'புதிய அனுபவத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று ஒரு பக்கம் தானாகத் திறந்து பல்லைக் காட்டும். யார் கேட்டது புதிய அனுபவம்? பழைய அனுபவமே எங்கள் விளம்பரப் பிரிவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

எனக்கு எரிச்சல் தரும் இன்னொரு ஜாதி விமர்சகர்கள். வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் இதழ் பன்னிரண்டு சினிமா விமர்சகர்களிடம் அந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்களைக் கேட்டு வாங்கும். அதிகம் பேர் சொன்ன படத்துக்கு முதலிடம். பட்டியல் வெளியானதும் வாசகர்கள் திட்டித் தீர்ப்பார்கள். இப்படி ஒரு படம் எப்போது வந்தது, எந்தத் தியேட்டரில் ஓடியது, நீங்கள் எல்லாம் மனிதர்களோடு சேர்ந்துதான் படம் பார்க்கிறீர்களா என்று கேட்பார்கள். அந்தக் கடிதங்கள் வந்து விழுவதும் என் மேஜையில்தான். உண்மையைச் சொன்னால், அவற்றில் பாதியை நானே எழுதியிருப்பேன், சம்பளம் தடுத்துவிட்டது.

இந்த வருடம் இரண்டு எரிச்சலும் ஒரே வாரத்தில் கைகோத்துக்கொண்டு வந்தன. நடுவில் மாட்டியது என் அக்கா.

அக்கா பகலில் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோக்களை எடிட் செய்கிறாள். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வராதீர்கள், ஈரத் தரையில் ஓடாதீர்கள், அந்த வகை. மிச்ச நேரத்தில், மூன்று வருடம் பாடுபட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் நான்கு பேரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தாள். பெயர் 'இரண்டு மாடிக்கு நடுவில்'. தொண்ணூற்றிரண்டு நிமிடம். இணையத்தில் ஏற்றி எட்டு மாதமாகிவிட்டது. இருநூற்றுப் பதினான்கு தடவை பார்க்கப்பட்டதாக அது காட்டியது. அதில் முப்பது தடவை நான், இருபது தடவை அம்மா. அம்மா ஒவ்வொரு தடவையும் பாதியில் தூங்கிவிட்டு மறுநாள் முதலிலிருந்து போடுவாள்.

விமர்சகர்கள் பன்னிரண்டு பேருக்கும் அக்கா லிங்க் அனுப்பியிருந்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, நேரத்தை வீணாக்கிவிட்டாய் என்றும் இல்லை. அதுதான் அவளை அரித்தது.

"பெரிய திரையில ஒரு தடவை, முன்னப்பின்ன தெரியாத நாலு பேரோட உட்கார்ந்து பார்த்துடணும்டா" என்றாள் ஒருநாள். "அது நடக்கலைன்னா கேமராவை யாருக்காவது கொடுத்துட்டு, இந்தத் தலைக்கவசத்தோட நிறுத்திக்கறேன்."

அக்கா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். எங்கள் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் படத்தை ஊரில் இருக்கும் பழைய தியேட்டர் ஒன்று ஒரு வாரம் திரையிடுவது வழக்கம். அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அது திறக்கும் என்று அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

ஓட்டுப் போடும் படிவம் நான் தயாரித்தது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துப் பெட்டிகள். எந்தப் பெட்டியைத் தட்டினாலும் அந்த வருடம் பெயர் கொடுத்த நூற்று முப்பத்தேழு படங்களின் பட்டியல் இறங்கும், வந்து சேர்ந்த வரிசைப்படி. அக்காவுக்கு எதிலும் கடைசி நிமிடம்தான். மாலை ஆறு மணி கெடு என்றால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு அனுப்பினாள். எனவே அவள் படம் பட்டியலின் கடைசிப் பெயர். பத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தைக் கீழே உருட்டினால் 'அனுப்பு' என்று ஒரு பட்டன் இருக்கும். நான்கு வருடமாக அதில் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டுகளை எண்ணினேன். முதலிடம் 'இரண்டு மாடிக்கு நடுவில்'. பத்து ஓட்டு. அடுத்த படத்துக்கு ஏழு.

திரும்ப எண்ணினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன். பத்துதான். சந்தோஷம் தொண்டைவரை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது. படிவம் தயாரித்தவன் தம்பி, ஜெயித்தது அக்கா. இதைக் கேட்டால் எந்த மடையனுக்கும் என்ன தோன்றுமோ அதுதான் எல்லோருக்கும் தோன்றும்.

முடிவை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். அந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அக்காவின் படம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். தான் இன்னும் பார்க்கவில்லை, பத்துப் பேர் சொல்கிறார்கள் என்றால் நன்றாகத்தான் இருக்கும் என்றார். பிறகு, அந்தப் படத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கு நான்கு வரி பாராட்டி எழுதி அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று மெயில் போடச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மெயில் போட உட்கார்ந்தபோதுதான் முதல் இடறல். ஓட்டு பத்து. ஓட்டுப் போட்டவர்கள் ஒன்பது பேர்.

ஒருவர் ஒரே படத்தை இரண்டு தடவை போட்டிருந்தார். அவரை நாங்கள் முக்கால் என்போம். முப்பது வருடமாக எழுதுகிறார். எந்தப் படத்துக்கும் முழு நட்சத்திரம் கொடுத்ததில்லை. இரண்டேமுக்கால், மூன்றேமுக்கால், அவ்வளவுதான். மகள் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தபோது, கையெழுத்தை இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம் என்று சொன்ன மனிதர். அவர் அக்காவின் படத்தை நான்காவது பெட்டியிலும் போட்டிருந்தார், பத்தாவது பெட்டியிலும் போட்டிருந்தார். முக்காலுக்கு ஒரு படம் பிடிப்பதே அதிசயம். இரண்டு தடவை பிடிக்குமா?

மற்ற எட்டுப் பேரின் படிவங்களையும் திறந்து பார்த்தேன். எட்டிலும் அக்காவின் படம் பத்தாவது பெட்டியில். ஒன்றில்கூட மூன்றாவதிலோ ஏழாவதிலோ இல்லை. அந்தப் படத்துக்கு ஓட்டுப் போடாத மூன்று பேரின் படிவங்களையும் பார்த்தேன். மூன்று பேரும் போனில் படிவத்தை நிரப்பியவர்கள். மற்ற ஒன்பது பேரும் கம்ப்யூட்டரில். ரசனை எப்படி இயந்திரத்தைப் பார்த்துப் பிரியும்? எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. முக்காலைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், நாளைக் காலை லேப்டாப்போடு வர முடியுமா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். ஆசிரியர் சொன்னபடி ஒன்பது பேருக்கும் மெயிலும் போட்டுவிட்டேன்.

அன்று மாலைக்குள் பாராட்டுகள் வந்துவிட்டன. ஒன்றுகூடத் தாமதமில்லை. கட்டுரை கேட்டால் மூன்று நினைவூட்டல் கேட்கும் மனிதர்கள், நான்கு வரியைக் கடகடவென்று அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கு முன்னுரை என்று பெயர், விஷயத்துக்கு வர அரைப் பக்கம் எடுத்துக்கொள்வார் என்பதால். அவர், இறுதிக் காட்சியில் பெய்யும் மழை தன்னை இன்னும் நனைத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். படத்தில் ஒரு சொட்டு மழை கிடையாது. முழுப் படமும் கட்டடத்துக்குள். எல்லாவற்றையும் பழைய படங்களோடு ஒப்பிடும் அந்தக்காலம் என்பவர், கதாநாயகனின் அடக்கமான நடிப்பைப் புகழ்ந்திருந்தார். இன்னொருவர் 'மௌனத்தின் பேரோசை' என்று ஆரம்பித்து, அங்கேயே கிடந்து உருண்டு, நான்கு வரியையும் முடித்திருந்தார்.

முக்கால் மட்டும் மழை, நாயகன் எதையும் தொடவில்லை. ஒரு மெக்கானிக், நின்றுபோன லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு, ஒரே துணியில் மூன்று தடவை கையைத் துடைக்கிறான். மூன்றாவது தடவை அந்தக் கையில் துடைக்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. அந்த இடத்தை வைக்கலாமா வேண்டாமா என்று அக்கா ஆறு மாதம் தவித்ததை நான் கூட இருந்து பார்த்தவன்.

புதன்கிழமை காலை முக்கால் வந்தார். போன வாரம் எப்படி ஓட்டுப் போட்டீர்களோ அப்படியே எனக்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்றேன். பரீட்சையா என்று கேட்டார். இல்லை, படிவத்துக்குத்தான் பரீட்சை என்றேன். மனிதர் நிதானமாகப் பத்தையும் தேர்ந்தெடுத்தார். பத்தாவதாக வேறொரு படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார், என் கண்ணால் பார்த்தேன். மவுஸின் சக்கரத்தை உருட்டிக் கீழே போய், அனுப்பினார். எனக்கு வந்து சேர்ந்த படிவத்தில், பத்தாவது பெட்டியில், அக்காவின் படம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு தடவை என்றேன். அதே கதை. மூன்றாவது தடவை நான் அவர் முகத்தையோ கையையோ பார்க்காமல் பத்தாவது பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சக்கரத்தை உருட்டினார். பக்கம் நகரவில்லை. பெட்டிக்குள் பெயர்கள் சரசரவென்று ஓடி, கடைசிப் பெயரில் போய் முட்டி நின்றன. அதற்குப் பிறகுதான் பக்கம் நகர ஆரம்பித்தது. பழைய பிரவுசரில் சக்கரம் உருட்டினால் பக்கம் நகரும். ஓட்டெடுப்புக்கு நான்கு நாள் முன்னால் வந்த அப்டேட்டில், கடைசியாகத் தொட்ட பெட்டி எதுவோ அதற்குள் இருக்கும் பட்டியல் நகர்கிறது. 'அனுப்பு' பட்டனையே பார்த்துக்கொண்டு உருட்டுகிற யாருக்கும் அது கண்ணில் படாது. போனில் சக்கரம் ஏது?

முக்கால் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ நான் நாலாவதுல போட்டது?"

"அது நீங்க போட்டதுதான் சார்."

"ஆமா. அதை நான்தான் போட்டேன்" என்றார், யாரோ மறுத்ததுபோல்.

அவரை அனுப்பிவிட்டு ஆசிரியரை என் மேஜைக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், சந்தேகப்படுவார், குறைந்தது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதுவும் செய்யாமல் என்னை எழுந்திருக்கச் சொல்லி, என் நாற்காலியில் உட்கார்ந்து, தானே ஒரு மெயில் அடித்தார். பிரவுசர் மாற்றத்தால் படிவத்தில் கோளாறு ஏற்பட்டிருக்கிறது, உங்கள் பத்தாவது தேர்வு உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம், சரிபார்த்துச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒருவருக்கும் கதவைத் திறந்துவிட முடியாது.

ஒருவரும் அந்தக் கதவு வழியாக வெளியே வரவில்லை. தொழில்நுட்பம் தடுமாறலாம், ரசனை தடுமாறாது என்று முன்னுரை பதில் போட்டார். யோசிக்காமல் எதையும் தேர்ந்தெடுக்கும் பழக்கம் தனக்கு அந்தக் காலத்திலிருந்தே இல்லை என்றார் அந்தக்காலம். மற்றவர்கள் 'உறுதி செய்கிறேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். எட்டுக்கு எட்டு. எழுதிக் கொடுத்த பாராட்டை எப்படித் திரும்ப வாங்குவது? பார்க்காத படத்தைப் பார்க்கவில்லை என்று சொல்வதைவிட, பார்த்தேன் என்று இரண்டாவது தடவை சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. முக்கால் மட்டும், தன் பத்தாவது ஓட்டை நீக்கிவிட்டு அங்கே இருக்க வேண்டிய படத்தின் பெயரை எழுதியிருந்தார். ஆக, அக்காவின் படத்துக்கு ஒன்பது ஓட்டு. முதலிடத்தில் மாற்றமில்லை.

"எழுத்துல கொடுத்துட்டாங்க. இனிமே அது அவங்க ஓட்டு" என்றார் ஆசிரியர். அவருக்கும் அது இனிக்கவில்லை. படிவத்தில் நேர்ந்த கோளாறையும், விமர்சகர்கள் மறுபடி உறுதி செய்ததையும் சொல்லும் ஒரு வரியைப் பட்டியலுக்குக் கீழே போடச் சொன்னார். போட்டோம். பட்டியலுக்குக் கீழே இருக்கும் வரியை யார் படிக்கிறார்கள்?

அக்காவிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலை அவளுடைய எடிட்டிங் அறைக்குப் போனேன். ஒரு கிடங்கில் வண்டி பின்னால் வரும்போது எங்கே நிற்கக் கூடாது என்பதை வெட்டிக்கொண்டிருந்தாள். முதலிடம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம், அவள் குதித்திருப்பாள். நான் சக்கரம், பெட்டி, மழை, கதாநாயகன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திரையில் அந்த வண்டி பாதியில் நின்றபடியே இருந்தது.

முக்கால் எந்தப் பெட்டியில் போட்டார் என்று கேட்டாள். நான்காவது என்றேன். அவர் படத்தைப் பார்த்தாரா என்றாள். அவர் எழுதிய நான்கு வரியைப் போனில் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு, மற்ற எட்டுப் பேரும் பாராட்டு எழுதிய அன்றாவது படத்தைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டாள். இணையத்தில் எண்ணிக்கை அன்றைக்கும் இருநூற்றுப் பதினான்கிலேயே இருந்தது. அதை நான் பார்த்துவைத்திருந்தேன். சொன்னேன்.

முதலிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அக்கா என்னைக் கேட்டாள். அதை நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை போன் செய்தாள்.

"பொய் சொன்னது அவங்க. நான் எதுக்குடா வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கணும்?" என்றாள். குரலில் நல்ல கோபம் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

தியேட்டரில் ஓடும் படம் இணையத்தில் இருக்கக் கூடாது என்பது அந்தத் தியேட்டரின் விதி. பட்டியல் வெளியாவதற்கு முந்தின நாளே அக்கா படத்தை எடுத்துவிட்டாள். இதன் விளைவு என்ன என்று அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. முதல் நாள் காலைக் காட்சியில்தான் உறைத்தது.

பதினோரு மணிக் காட்சி. நூற்றெண்பது இருக்கையில் ஒரு முப்பது பேர் வந்திருந்தார்கள். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால் முன்னுரை உள்ளே வந்தார். விமர்சகர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. ஆனால் வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மனிதர் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கியிருந்தார். மூன்றாவது வரிசை மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டார். அடுத்து அந்தக்காலம் வந்தார், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. முன்னுரையைப் பார்த்துவிட்டார். முன்னுரையும் அவரைப் பார்த்துவிட்டார். இருவரும் அப்படியே திரும்பி வெள்ளைத் திரையைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதன்பின் இன்னொருவர், இன்னொருவர். பாராட்டி எழுதிவிட்ட படத்தைப் பார்க்க அவர்களுக்கு இனி வேறு வழி இல்லை. எட்டில் ஆறு பேர் வந்து, ஆறு மூலைகள் இல்லாத தியேட்டரில் ஆறு மூலை கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

முக்காலும் வந்தார். இதுவரை லேப்டாப்பில்தான் பார்த்தேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, நடு வரிசையில், நட்டநடுவில் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. நான் படத்தைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தேன். அக்காவும் அதைத்தான் செய்தாள். நாற்பதாவது நிமிடத்தில் அந்த நீளக் காட்சி வந்தது. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர், கீழேயிருந்தபடி, மேலே நிற்கும் மெக்கானிக்குக்குப் பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். எந்தக் கம்பி, எந்தப் பொத்தான், போன தடவை எப்படிச் சரிசெய்தார்கள், எல்லாம். மெக்கானிக் கையைத் துடைக்கிறான், கேட்கிறான், துடைக்கிறான். பன்னிரண்டு நிமிடம். கடைசியில், மூன்றாவது தடவை துடைத்துவிட்டு, "சார், உள்ள இருக்கறது நீங்க" என்கிறான்.

தியேட்டர் சிரித்தது. முப்பது பேர்தான், ஆனாலும் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது வரிசை மூலையிலிருந்துதான் பெரிய சத்தம். முன்னுரை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த பத்து நிமிடத்தில் அந்தக்காலம் எழுந்தார். கழிப்பறைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். தொப்பியை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, வெளியே போகும் கதவைப் பார்த்து நடந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு தடவை புகழ்ந்து எழுதிக் கொடுத்த மனிதர் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க மாட்டாரா? வாசலில் மடக்கி நாலு வார்த்தை கேட்காமல் விடக் கூடாது என்று எழுந்தேன்.

அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"போகட்டும், விடு" என்றாள். இருட்டில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அவருக்குப் பிடிக்கலைடா. பார்த்துட்டுத்தானே போறார்."